முன்னோடி நீலமேகம்

சென்னை
10-6-1981

அன்புள்ள அக்காவுக்குத் துளசிங்கம் எழுதுவது.

நான் சுகம். இங்கே மெஸ்ஸில் மீன் குழம்பு என்று ஒன்று ஊற்றுகிறார்கள், மாமா பார்த்தால் சிரிப்பார். உன் உடம்பு எப்படி? மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

ஒரு நல்ல சேதி. நான் வேலை செய்யும் வெளிநாட்டு உதவித் திட்டத்தில் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களுக்கு இஞ்சின் வைத்த பைபர் படகு தரப்போகிறார்கள். ஊருக்கு ஒன்றுதான். பணம் பத்தாததால் மட்டும் அப்படி இல்லை, அதற்கு ஒரு கொள்கையே இருக்கிறது. ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான்? இன்றைக்குப் பிடித்தது இன்றைக்கே தீர்ந்துபோகிறது. மிச்சம் இல்லாததால் நல்ல படகு வாங்க முடியவில்லை. நல்ல படகு இல்லாததால் நாளைக்கும் மிச்சம் இல்லை. செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறான். இந்தச் சுற்றை ஒரே ஓர் இடத்தில் அறுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். ஊரில் துணிச்சலான ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தூக்கிவிட வேண்டும். அவருக்கு முன்னோடி மீனவர் என்று பெயர். அவரைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருவன் என்று கொஞ்ச காலத்தில் ஊரே மாறிவிடும். பல நாடுகளில் விவசாயிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்களாம்.

நம் குப்பத்துக்கு நீலமேகம் என்று மாமா பெயரைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவரை விட்டால் துணிச்சல்காரர் யார்? அடுத்த மாதம் என்னை மணிலாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் ஒரு படகுக்காவது ஆள் முடிவாக வேண்டும் என்று அதிகாரி சொல்கிறார். மாமாவைக் கேட்டு உடனே எழுது.

உன் தம்பி
துளசிங்கம்


நெடுமேட்டுக் குப்பம்
21-6-1981

தம்பி துளசிங்கத்துக்கு அக்கா பூபதியின் ஆசி.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார், எழுந்திருக்கும்போது மட்டும் உன் பெயரைச் சொல்லி எழுந்திருக்கிறார்.

கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "மச்சான் கேட்டா வாணாம்னு சொல்வனா, எழுதிப் போடு" என்றுவிட்டார். அம்மாவும் நைனாவும் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்த மனுஷன். எங்களுக்கு என்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை என்ற குறையே அவருக்கு இல்லை. நீ கேட்டால் ஏரியையே எழுதிக் கொடுப்பார். ஆகவே அவரைக் கேட்பதில் அர்த்தம் இல்லை. என்னைக் கேள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டணத்துக்குப் போய் உனக்குப் பாடு மறந்துவிட்டதோ என்னவோ. ஏரியில் எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று சீட்டுப் போட்டுத்தான் நாம் வலை வைக்கிறோம். நல்ல தண்ணீர் இன்றைக்கு உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. அதுதான் பாடு. முறை தப்பி ஒருத்தன் வலையை நனைத்தால் அவன் திருடன். இந்த ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் என்று எதுவும் வந்தது கிடையாது. வெள்ளத்துக்கு வந்த இலவச வேட்டி எல்லோருக்கும் பத்தவில்லை என்று ஊர்த் தலைமை பார்க்கும் நம் நாட்டார் பொன்னுரங்கம் மூட்டையோடு திருப்பி அனுப்பினாரே, அப்போது நீயும் பக்கத்தில் நின்றுகொண்டுதானே இருந்தாய்?

அதனால் ஒரு நாள் நேரில் வா. நாட்டாரிடமும் கிராமத்தாரிடமும் நீயே பேசு. படித்தவன், உன் பேச்சை மதிப்பார்கள். வேளைக்குச் சாப்பிடு.

பூபதி


சென்னை
2-7-1981

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரே அலைச்சல், ஆனாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாமாவும் நலம் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஊருக்கு வர நேரமே இல்லை. பாஸ்போர்ட், தடுப்பூசி என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். நீ பயப்படுவதற்கு இதில் ஒன்றும் கிடையாது. இது கடலுக்குப் போகிற படகு. ஏரிக்குத்தான் பாடு, கடலுக்கு ஏது பாடு? நாட்டாரிடம் இதை மட்டும் மாமா சொன்னால் போதும்.

மாமா பெயரைக் கொடுத்துவிட்டேன். படகு ஆடியில் லாரியில் வந்து இறங்கும், ஓட்டக் கற்றுத்தர ஆளும் கூடவே வருவார். மற்ற குப்பங்களில் யாரும் இன்னும் சரி சொல்லவில்லை. இந்தத் திட்டத்தின் முதல் படகே மாமாவுடையதுதான் என்றால் எனக்கு எவ்வளவு பெருமை. பயிற்சி முடிந்து வந்ததும் வேலையை நிரந்தரமாக்குவது இதைப் பார்த்துத்தான் என்று அதிகாரி ஜாடையாகச் சொன்னார். இனி மணிலா விலாசத்துக்கு எழுது.

துளசிங்கம்


நெடுமேட்டுக் குப்பம்
20-8-1981

தம்பிக்கு,

கடல் தாண்டிப் போன ஊரில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? அங்கேயும் அரிசிச் சோறுதான் என்று பழவேற்காட்டுக் கடைக்காரர் மீரான் பாய் சொன்னார், எனக்குப் பாதி கவலை விட்டது. நாங்கள் இருக்கிறோம்.

படகு வந்தது. நீல நிறம், வழவழவென்று அழகாகத்தான் இருக்கிறது. ஊரே கூடி நின்று பார்த்தது. தண்ணீரில் தள்ளும்போது ஆள் போதாமல் லாரிக்காரர்களே கைகொடுத்தார்கள். மாமாவின் தம்பி மாரி அங்கேதான் நின்றான். அவனுக்குக் கையில் ஏதோ வேலை இருந்தது போலிருக்கிறது.

இறால் நன்றாகவே படுகிறது. மாமா தனியாகத்தான் போய் வருகிறார், துணை தேவையில்லை என்கிறார். நான் இப்போது அரிசி, எண்ணெய் எல்லாம் பழவேற்காட்டிலேயே வாங்கிவிடுகிறேன். மீரான் பாய் வீட்டு லத்தீபா நல்ல மாதிரி, மோர் கொடுத்து உட்காரவைத்துப் பேசுகிறாள். யாரோடாவது பேசினால் தேவலை என்றுதான் இருக்கிறது. நடப்பதும் உடம்புக்கு நல்லதாம். குடிதண்ணீரும் அந்தப் பக்கத்துக் கிணற்றில்தான் எடுக்கிறேன், ருசியாக இருக்கிறது.

மற்றபடி ஊரில் எல்லோரும் சுகம். நேரில் விசாரிக்கவில்லை, தூரத்தில் பார்த்தேன்.

பூபதி


மணிலா
12-9-1981

அன்புள்ள அக்கா,

இங்கே தினமும் மழை. சளி பிடித்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. மாமாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? வகுப்பில் எழுந்து நின்று மாமாவைப் பற்றிப் பேசினேன். கட்டுமரம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இரண்டே மாதத்தில் இஞ்சின் படகோடு கடலுக்குப் போகிறார் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். வங்காளதேசத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும், "மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். பேராசிரியரே அவருக்குப் பதில் சொன்னார். முதலில் வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு பொறாமைப்படுவார்கள், அப்புறம் தங்களுக்கும் கேட்பார்களாம். நம் ஊரில் யாராவது கேட்க ஆரம்பித்துவிட்டார்களா?

டிசம்பரில் வெளிநாட்டு நிபுணர்கள் வந்து படகைப் பார்ப்பார்கள். அதுவரை ஒரு நாள்கூட விடாமல் போகச் சொல். படகு கரையில் கிடந்தால் திட்டம் தோற்றது என்று எழுதிவிடுவார்கள்.

நீ ஏன் அவ்வளவு தூரம் தண்ணீருக்குப் போகிறாய்? இடுப்பு வலி வரப்போகிறது.

துளசிங்கம்


நெடுமேட்டுக் குப்பம்
4-10-1981

தம்பிக்கு,

சளிக்கு மிளகுத் தண்ணீர் குடி. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

இனிமேல் மறைத்துப் பிரயோசனம் இல்லை. எங்களை ஊர் தள்ளி வைத்துவிட்டது. படகு வந்த வாரத்திலேயே கூட்டம் போட்டார்கள். கடலுக்குப் போகிற படகுதான், ஆனால் கடலுக்கு ஏரி வழியாகத்தானே போக வேண்டும்? அந்தச் சத்தத்தில் இறால் கலைந்து ஓடுகிறது, அன்றைக்குப் பாடு யாருக்கோ அவன் வலை வெறுமையாக வருகிறது. அவர்கள் சொல்வது பொய் இல்லை. நானே பார்த்தேன், குப்பம்மா தன் வீட்டு வலையை உதறிக்கொண்டு அழுதாள்.

மாமாவுடைய பாடு முறையை எடுத்துவிட்டார்கள். கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது. எல்லாவற்றையும்விட, ஆம்பிளைகள் அத்தனை பேரும் கங்கையம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்தப் படகை யாரும் தொடக்கூடாது. தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது, கடலில் எந்த நிலையில் கண்டாலும் அதன்மேல் கை வைக்கக்கூடாது. சத்தியத்தை மீறினால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்று நம் ஊரில் எப்படி நம்புவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? மாரியும்தான் சத்தியம் செய்தான். செய்யும்போது தேம்பித் தேம்பி அழுதானாம்.

ஐப்பசி வரப்போகிறது. வாடைக்காற்று கிளம்பினால் முகத்துவாரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். நைனாவை அங்கேதான் பறிகொடுத்தோம். இவர் ஒண்டியாகப் போகிறார். கைகொடுக்க ஆள் இல்லை. அவர் படகு மேட்டைத் தாண்டி மறையும் வரைக்கும் நிற்கிறேன், திரும்பி வரும் வரைக்கும் வயிற்றில் சோறு இறங்குவதில்லை. நான் சொன்னால், "அடி போடி" என்கிறார். நீ சொன்னால்தான் கேட்பார். மார்கழி வரை போகவேண்டாம் என்று அவருக்கு ஒரு வரி எழுது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஊர் இப்படிச் செய்யும் என்று உனக்கு முன்னமே தெரியுமா? நீயும் இந்த ஊரில் பிறந்தவன்தானே?

பூபதி


மணிலா
22-10-1981

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டது. உன் கடிதம் படித்து மனம் சங்கடப்பட்டது. தைரியமாக இரு.

எந்த ஊரிலும் புதிதாக ஒன்று வந்தால் முதலில் எதிர்ப்புத்தான் வரும். எங்கள் பாடப் புத்தகத்திலேயே இதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. அந்தக் கட்டம் தாண்டியதும் இன்று சத்தியம் செய்தவர்களே நாளை மாமாவிடம் இஞ்சின் ஓட்டக் கற்றுக்கொள்ள வருவார்கள். இன்னும் கொஞ்ச நாள்தான்.

மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டு: மாமா, காற்று பார்த்துப் போங்கள். மோசமான நாளில் ஜாக்கிரதை. ஆனால் டிசம்பர் வரை படகை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். என் வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது. உங்களை நம்பித்தான் இங்கே எல்லோரிடமும் பேசியிருக்கிறேன்.

அக்கா, கறுப்பு நிறத்தில் உனக்கு ஒரு கைப்பை வாங்கினேன். சாப்பாட்டை விட்டுவிடாதே.

துளசிங்கம்


மணிலா
25-11-1981

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேல் கடிதமே இல்லை. உடம்பு சரியில்லையா? மாமா எப்படி இருக்கிறார்?

சென்னை நண்பன் எழுதியிருக்கிறான், இந்த மாதம் நம் பக்கம் காற்றும் மழையும் பலமாக இருந்ததாம். அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தேன். படகு சேதம், விசாரிக்கிறோம் என்று மட்டும் பதில் வந்தது. படகைப் பற்றித்தான் சொல்கிறார்களே தவிர, அதில் இருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாடத்தில் மனம் போகவில்லை. தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன்.

ஒரே ஒரு வரி எழுது. அவர் இருக்கிறார் என்று மட்டும் எழுது.

துளசிங்கம்


நெடுமேட்டுக் குப்பம்
27-11-1981

தம்பிக்கு,

முதலில் இதைப் படி: மாமா உயிரோடு இருக்கிறார். உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை, உள்ளதை உள்ளபடி படித்தேன். அடுத்த வாரம் வானம் கறுத்துக்கொண்டு நிற்கும்போது கிளம்பினார். வாசலை மறித்தேன். "மச்சான் நம்பி இருக்குது" என்று என்னை நகர்த்திவிட்டுப் போனார்.

மத்தியானம் காற்று திரும்பியது. முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு இஞ்சின் நின்றுபோயிற்று. கரையிலிருந்து நன்றாகத் தெரிகிறது. படகு நுரைக்குள் சுற்றுகிறது, இவர் மண்டி போட்டு எதையோ இழுத்துக்கொண்டிருக்கிறார். ஆம்பிளைகள் அத்தனை பேரும் கரையில் நிற்கிறார்கள். ஒருத்தன் அசையவில்லை. நான் மணலில் விழுந்து நாட்டார் காலைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "படகைத் தொடாதீங்க. ஆளைத் தூக்கிட்டு வாங்க."

மாரியும் இன்னும் மூன்று பேரும் கட்டுமரத்தில் போனார்கள். நம் ஊர்க்காரன் அலைக்குப் பயப்படுகிறானா, சத்தியத்துக்குத்தானே பயம். எட்டிப் பிடிக்கிற தூரம் போய்விட்டார்கள். ஆனால் படகில் கை வைக்கமுடியாது. "அண்ணா, குதி. உன்னைத் தொட்டா தப்பில்ல, குதிச்சிடு" என்று மாரி கத்தியிருக்கிறான். இவர் குதிக்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு படகோடு உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் அதைத் தொடமாட்டார்கள், இவர் அதை விடமாட்டார். மாரி திரும்பத் திரும்பக் கெஞ்ச, இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்.

"மச்சானுக்கு இன்னா பதில் சொல்வேன்?"

ஒரு பெரிய அலை வந்து படகைக் கவிழ்த்தது. மாரி உள்ளே பாய்ந்து, கையைச் சுற்றியிருந்த கயிற்றை அறுத்து இவரை மேலே கொண்டுவந்தான். படகு மணல்மேட்டில் மோதி இரண்டாகப் போயிற்று. பொன்னேரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், அதனால்தான் எழுதவில்லை. வலது கை விரல்கள் மடங்குவதில்லை. மடங்காது என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

படகு போனதோடு தள்ளி வைத்ததும் போயிற்று. நாட்டாரே அரிசி கொடுத்தனுப்பினார். பாடு முறையையும் திருப்பித் தந்துவிட்டார்கள். குப்பம்மா நேற்று கிணற்றடியில் என் குடத்தைத் தானே வாங்கி நிரப்பினாள், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

பூபதி


மணிலா
18-12-1981

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாமா பிழைத்தது நம் அம்மா செய்த புண்ணியம். மாரியின் காலில் விழ வேண்டும். மாமாவின் கைக்கு இங்கே ஒரு டாக்டரிடம் விசாரித்தேன், வெந்நீரில் வைத்துப் பழக்கச் சொல்கிறார்.

நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். படகு அளவில் சிறியது, இஞ்சினுக்குச் சக்தி போதாது என்பது அவர்கள் முடிவு. ஊர் விஷயம் எதையும் நான் அவர்களுக்குத் தெரியப்படுத்தவில்லை. சொன்னால் நம் ஊருக்குத்தானே கெட்ட பெயர்? கடைசி வரை படகை விடாதவர் என்று மாமாவைப் பற்றி அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்களாம். அவருக்கே இன்னும் பெரிய படகு ஒன்று தை மாதத்தில் அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை. என் வேலையை நிரந்தரமாக்கி உத்தரவு வந்துவிட்டது.

மீரான் பாய் கையால் மாமா ஒரு கார்டு எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். "மச்சான், படகை விட்டுட்டேன், மன்னிச்சிக்கோ. இன்னொண்ணு குடுத்தா உசிரு போனாலும் வுடமாட்டேன்" என்று இருக்கிறது. அவர் ஆசையைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது, அக்கா? இந்த முறை ஊரை அனுசரித்துப் போகச் சொல்.

பங்குனியில் வருகிறேன். குளிர் நாள், உடம்பை மூடிப் படு.

துளசிங்கம்


நெடுமேட்டுக் குப்பம்
23-1-1982

தம்பிக்கு,

வேலை நிரந்தரமானதில் சந்தோஷம். மாமா ஊருக்கெல்லாம் வெல்லம் கொடுத்தார். எங்கள் உடம்பைக் கேட்டிருந்தாய். மாமாவுக்குச் சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன், இடது கையால் சாப்பிட அவருக்குக் கூச்சம்.

படகு வந்துவிட்டது. முதல் படகைவிடப் பெரியது. லாரிக்காரர்கள் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நாட்டார் இன்னும் கூட்டம் போடவில்லை. போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலைப் பார்க்கிறார். குப்பம்மா கிணற்றடியில் பேசுகிறாள், ஆனால் குடத்தைத் தொடவில்லை. நேற்று வரை மாமா காலையில் எழுந்தால் படகிடம்தான் போவார். மடங்காத அந்தக் கையால் அதைத் தடவிப் பார்ப்பார். முந்தாநாள் இஞ்சின் எண்ணெய்க்கு மீரான் பாயிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்று லத்தீபா வந்து சொன்னாள்.

உனக்கு எழுதிப் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டது. உன் புத்தகத்தில் இதற்கும் ஒரு அத்தியாயம் இருக்கும். அவரிடம் பேசியும் பயன் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு, ஊரார் அத்தனை பேரும் பார்க்கக் கங்கையம்மன் கோயிலுக்குப் போனேன். மாமாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். என் தலைமேல் சத்தியம் என்றால் அவர் கேட்கமாட்டார். அவர் தலைமேல் என்றால் சிரிப்பார். அந்த மனுஷன் பயப்படுகிற தலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கற்பூரத்தை ஏற்றி, என் வீட்டு ஆள் அந்தப் படகில் கால் வைத்தால் என் தம்பி துளசிங்கத்தின் உயிரை எடுத்துக்கொள் தாயே என்று சொல்லி அடித்தேன்.

மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னாடி பண்ணிட்ட" என்று குழந்தை மாதிரி அழுதார். இன்றைக்குக் காலையில் படகு இருக்கிற திசையில்கூடப் போகவில்லை.

ஆனால் படகு அங்கேயேதான் நிற்கிறது. மனுஷ மனசு, என்றைக்காவது மறந்து ஏறிவிட்டால்? ராத்திரியெல்லாம் நான் உன்னை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வளர்த்த பிள்ளையின் தலையை வைத்துச் சத்தியம் செய்த பாவிக்குத் தூக்கம் எப்படி வரும்? உன் திட்டத்துக்கு எழுதி, அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல். அதுவரை எனக்குப் பயம் தீராது.

இத்தனை நாள் நான் ஒருத்தி பயந்தேன். இனி நீயும் கொஞ்சம் பயந்துகொண்டு இரு. சத்தியமாவது பலிப்பதாவது என்று உன்னோடு படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நீ சிரிக்கமாட்டாய். நீயும் இந்த ஊரில் பிறந்தவன்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள், தம்பி.

அக்கா
பூபதி